அளவுக்கோப்பையைக் குழந்தையிடம் கொடுங்கள்

குழந்தையைச் சேர்த்துக்கொண்டு கேக்கோ பிஸ்கட்டோ செய்யும் பெற்றோர் பலர், முக்கியமான வேலைகளை எல்லாம் தாமே முடித்துவிட்டு, மேலே வண்ணச் சர்க்கரை தூவுவதை மட்டும் குழந்தையிடம் விட்டுவிடுகிறார்கள். தூவுவதில் கற்றுக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. அளப்பது, கலப்பது, காத்திருப்பது ஆகிய மூன்றையும் குழந்தையின் பொறுப்பில் விடுங்கள்.

முதல் முறைக்குக் கேக்கைவிட பிஸ்கட்டே ஏற்றது. அதன் மாவு கெட்டியாக இருப்பதால் சிறு கைகளுக்கு அடங்கும். ஒரு தட்டு பதினைந்து நிமிடங்களுக்குள் வெந்துவிடும். அது கருகினாலும் அடுத்த தட்டில் திருத்திக்கொள்ளலாம்.

செய்முறையில் முக்கால் கோப்பை மைதா என்று இருந்தால், கால் கோப்பையை மட்டும் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். மூன்று முறை அள்ள வேண்டும் என்பதைக் குழந்தையே கண்டுபிடிக்கட்டும். மறுமுறை அதே பிஸ்கட்டைப் பாதியளவில் செய்யச் சொன்னால், முக்காலில் பாதி எவ்வளவு என்ற கேள்வி தானாகவே எழும். அப்போது 15 மில்லிலிட்டர் மேசைக்கரண்டியை எடுத்து, 240 மில்லிலிட்டர் கோப்பை நிரம்ப எத்தனை கரண்டித் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எண்ணச் சொல்லுங்கள். பதினாறு என்று எண்ணி முடித்த குழந்தை, முக்காலுக்குப் பன்னிரண்டு, அதில் பாதி ஆறு என்று வந்து சேரும். மேசையெல்லாம் ஈரமாகும், துடைத்துக்கொள்ளலாம். வீட்டில் தராசு இருந்தால், ஒரே கோப்பையில் மாவை ஒரு முறை தளர்வாகவும் மறுமுறை அழுத்தியும் நிரப்பி எடை பார்க்கச் சொல்லுங்கள். கொள்ளளவு மாறாமல் எடை மட்டும் மாறுவதைக் கண்ட பிறகு, கோப்பையைவிடத் தராசு ஏன் நம்பகமானது என்று விளக்க வேண்டியிருக்காது.

கேக் ஏன் உப்புகிறது என்பதற்கு மூன்று தம்ளர்கள் போதும். முதல் தம்ளரில் சமையல் சோடாவைத் தண்ணீரில் கலந்தால் நுரை வராது. இரண்டாவதில் அதே சோடாவுடன் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் பொங்கும். மூன்றாவதில் பேக்கிங் பவுடரில் வெந்நீர் ஊற்றினால், சாறு எதுவும் இல்லாமலே பொங்கும். பேக்கிங் பவுடரில் சோடாவோடு உலர்ந்த அமிலப்பொருளும் ஏற்கெனவே கலந்திருக்கிறது என்பதை இந்த இடத்தில் சொல்லலாம். பொங்கி வருவது கார்பன் டை ஆக்சைடு. பிறகு கேக்கை வெட்டும்போது, அந்த வாயு விட்டுச்சென்ற துளைகளைக் காட்டுங்கள்.

பச்சை மாவையும் பச்சை முட்டையையும் சுவைக்கக் கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இரண்டிலும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். வெந்த பிறகே அவை அழிகின்றன. "கூடாது" என்று மட்டும் சொன்னால் விரல் கிண்ணத்துக்குத்தான் போகும். காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறார்கள். ஓவனில் தட்டை வைப்பதும் எடுப்பதும் பெரியவர் வேலை. கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வது குழந்தையின் வேலை.

கேக் செய்யும் நாளில் காத்திருப்பது உண்மையிலேயே கடினம். ஓவன் கதவைச் சீக்கிரமே திறந்தால் உள்ளிருக்கும் வெப்பம் குறைந்து, இன்னும் இறுகாத கேக்கின் நடுப்பகுதி அமிழ்ந்துவிடக்கூடும். ஆகவே கண்ணாடி வழியாகப் பார்த்து, எப்போது விளிம்பு உயர்ந்தது, எப்போது மேற்பரப்பு பழுப்பானது என்று ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். நேரம் முடிந்ததும் கேக்கை வெளியே எடுத்து வைத்து, பல்குத்தும் குச்சியை நடுவில் செருகும் பொறுப்பைக் குழந்தையிடம் கொடுங்கள். ஈர மாவு ஒட்டியிருந்தால் இன்னும் எத்தனை நிமிடங்கள் வேண்டும் என்பதையும் அந்தக் குழந்தையே முடிவு செய்து நோட்டில் எழுதட்டும்.