பிழை விட்டா கடவுளோட சண்டை பிடிக்கிறத எப்பிடி நிப்பாட்டினன்

ஒரு சின்னப் பிழை விட்டாலும் இரவு முழுக்க நித்திரை இல்லாம "ஏன் ஆண்டவரே எனக்கு மட்டும்" எண்டு புலம்புற ஆள் நான். போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்ல கும்பிட்டுட்டு கோட்டை ஸ்டேஷனுக்கு வந்து, அவசரத்தில போர்ட் பாக்காம ஏறினது நான் இறங்கவேண்டிய வெள்ளவத்தையில நிக்காத எக்ஸ்பிரஸ். பம்பலப்பிட்டி போச்சு, என்ட வீட்டு ஒழுங்கையும் கண்ணுக்கு முன்னால ஓடிப்போச்சு, கடல் மட்டும் பக்கத்தில கூடவே வருது. கும்பிட்டுட்டு வந்தவனுக்கே இப்பிடியா எண்டு கோவம் வேற!

கல்கிசையில இறங்கி கவுண்டர்ல உள்ளதச் சொல்லி, கேட்ட காச கட்டிட்டு, காலி ரோட்டுக்கு நடந்துபோய் 100ம் நம்பர் பஸ் பிடிச்சன். பஸ்ஸில இருந்து போன்ல ரெண்டு வரி எழுதினன்: நான் திருத்தக்கூடியது, என்ட கையில இல்லாதது. முதலாவத உடனே செய்யிறது, ரெண்டாவதுக்கு ஒரு செபம், அவ்வளவுதான். கடவுள் பாத்துக்கொள்ளுவார் எண்டு பிழைய திருத்தாம இருக்கிறது விசுவாசம் இல்ல, சோம்பல்.

போன கிழமை ஒரு கஸ்டமருக்கு பிழையான பில் அனுப்பிட்டன். கோல் எடுத்து சொரி சொல்லி, புதுசு அனுப்பிட்டு, பத்து மணிக்கே படுத்திட்டன். அந்த எக்ஸ்பிரஸில ஏத்தினதில ஆண்டவருக்கு என்ன திட்டமோ இப்பவும் விளங்கேல்ல, தோண்டிக் கேக்கவும் இல்ல. ஆனா குடைய அதுக்குள்ளயே விட்டிட்டன், காணாமப்போனத எடுத்துக் குடுக்கிற அந்தோனியார் அத மட்டும் இன்னும் தரேல்ல.