டாங்கியைத் தின்ற தின்னர்: 1/35 லீ டாங்கிக்கு அழுக்கேற்றிய கதை

மூன்று வாரம் உட்கார்ந்து ஒட்டிய பிளாஸ்டிக் மாடல் டாங்கியின் முகப்பு ஐந்தே நிமிடத்தில் உருகிய மெழுகுவத்தி மாதிரி வழிந்துபோனது. நான் செய்ததெல்லாம் பெயிண்ட் கடையில் போய் "தின்னர் குடுங்க" என்று கேட்டதுதான். கடைக்காரர் மேல் தப்பில்லை. காரைக்குடியில் மர வேலைக்காரர்கள் நிறைய. தின்னர் என்றால் லாக்கர் அடிக்கப் பயன்படும் என்.சி. தின்னரைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். எனக்கு வேண்டியது வேறு திரவம் என்பது எனக்கே அன்று தெரியாது.

இரண்டாவது டாங்கியை ஒழுங்காக முடித்துவிட்டேன். அதை எப்படிச் செய்தேன் என்பதுதான் இந்தப் பதிவு. பெட்டியை இப்போதுதான் வாங்கியிருக்கிறீர்கள் என்றால், எதையும் திறப்பதற்கு முன் வாஷ் பற்றி எழுதியிருக்கும் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

ஏன் எம்3 லீ? இது இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க டாங்கி. எங்கள் ஐயா 1942ல் பர்மாவிலிருந்து கையில் ஒன்றும் இல்லாமல் திரும்பியவர். ஊரில் பாதி வீடுகளில் இந்தக் கதை உண்டு. அவர்கள் விட்டுவந்த ஊர்களுக்குள் திரும்ப நுழைந்த டாங்கிகளில் லீயும் ஒன்று. ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஷெர்மன் டாங்கி வந்ததும் இதை ஓரங்கட்டிவிட்டார்கள். பர்மா முனையில் ஜப்பானியர்களிடம் டாங்கியை உடைக்கும் பீரங்கிகள் குறைவு என்பதால், 1944ல் இம்பால், கோஹிமா, 1945ல் மாண்டலே என்று கடைசிவரை ஓடியது. மொத்தம் 6,258 வண்டிகள் செய்தார்கள். 75 மி.மீ. பீரங்கி உடம்பின் வலது பக்கத்தில், 37 மி.மீ. பீரங்கி மேலே கோபுரத்தில். பார்க்கக் கோணல்மாணலாக இருக்கும். அதுதான் அழகு. 1/35 அளவில் சுமார் 16 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் உயரம். அலமாரியில் சொம்பு வைக்கும் இடத்தில் நின்றுவிடும். நான் வாங்கியது டமியா என்ற ஜப்பானிய மாடல் கம்பெனியின் பழைய பெட்டி.

ஒட்டுவது

பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். எந்த எண்ணை எதோடு ஒட்ட வேண்டும் என்பது பெட்டியோடு வரும் தாளில் இருக்கிறது. அதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. பசை டமியா எக்ஸ்ட்ரா தின், பச்சை மூடி. இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இடுக்கில் பிரஷ்ஷால் தொட்டால் போதும், அதுவே உள்ளே ஓடிவிடும். இன்ஸ்டன்ட் பசையைப் பிளாஸ்டிக்கில் பயன்படுத்தாதீர்கள். சுற்றிலும் வெள்ளைப் புகை மாதிரிப் படியும்.

எக்ஸ்ட்ரா தின் உண்மையில் ஒட்டுவதில்லை, கரைக்கிறது. பாலிஸ்டைரீனின் இரண்டு விளிம்புகளையும் இளக்கி ஒன்றோடு ஒன்றாக்குகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

லீயின் உடம்பு முழுக்க ரிவெட், அதாவது தகடுகளை இணைக்கும் ஆணிகள். நிஜ வண்டியில் குண்டு பட்டால் ரிவெட்டின் தலை பிய்ந்து உள்ளே இருப்பவர்கள் மேல் பாயும். அந்த வடிவமைப்பின் பெரிய குறையே அதுதான். மாடலில் ஆபத்து வேறு விதம். இணைப்பைத் தேய்க்கிறேன் என்று உப்புத்தாளை வைத்து ஓட்டினால் பக்கத்து ரிவெட்டும் சேர்ந்து காணாமல் போகும். ரிவெட் வரிசைமேல் டேப் ஒட்டிவிட்டு, 600 நம்பர் வாட்டர் பேப்பரைச் சின்னத் துண்டாக மடித்துத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள்.

பெயிண்ட்

காற்றால் பெயிண்டைப் பீய்ச்சும் ஏர்பிரஷ்ஷே நல்லது. 0.3 மி.மீ. நாசில் போதும். ப்ரைமர் அடித்து ஒரு நாள் விட்டு, டமியா அக்ரிலிக் எக்ஸ்எஃப்-62 ஆலிவ் டிராப். புட்டியில் இருக்கிறபடியே அடித்தால் இவ்வளவு சின்ன மாடலில் கருத்துத் தெரியும். நான் நாலில் ஒரு பங்கு மஞ்சள் சாயல் கலந்து வெளிறவைக்கிறேன். வானத்தை நோக்கி இருக்கும் தகடுகளின் நடுவில் இன்னும் கொஞ்சம் வெளிறல். மாண்டலே வெயிலும் நம் வெயிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நிறம் எப்படி வெளுக்கும் என்று பார்க்க வேண்டுமானால் நம் ஊர் மினி பஸ்ஸின் கூரையைப் பாருங்கள்.

கத்திரி வெயிலில் மத்தியானம் அடிக்காதீர்கள். பெயிண்ட் காற்றிலேயே காய்ந்து மாவு மாதிரிப் படிந்து, விரலால் தடவினால் சொரசொரக்கும். காலை ஏழு மணிக்கு முன் முடித்துவிடுவது என் வழக்கம். இரண்டாங்கட்டு முற்றத்தில் உட்கார்ந்து அடிப்பேன், காற்றோட்டம் இருக்கும். முகமூடி கட்டாயம். அடுப்படிப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

காய்ந்ததும் முழுக்கப் பளபளப்பு கிளியர் (நிறமில்லாத வார்னிஷ்) ஒரு கோட். பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் நுண்ணிய மேடு பள்ளம் கொண்டது. அதன்மேல் நேராக டெக்கல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அடையாளப் படம்) ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி மாதிரி மின்னும். டாங்கியில் ஒட்டும் பெரிய வெள்ளை நட்சத்திரத்தில் இது பளிச்சென்று தெரியும். பளபளப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு, வாஷ் அதன்மேல் வழுக்கி ஓட வேண்டும்.

வாஷ்: நான் விழுந்த இடம்

வாஷ் என்றால் மிக நீர்த்த கரும்பழுப்பு நிறத்தை ரிவெட்டைச் சுற்றியும் இடுக்குகளிலும் ஓடவிடுவது. நிஜ வண்டியில் எண்ணெயும் அழுக்கும் சேரும் இடங்கள் அவை. லீ மாதிரி ரிவெட் வண்டியில் இந்த ஒரு வேலையிலேயே மாடல் பாதி உயிர் பெற்றுவிடும்.

தனியாக வாஷ் புட்டி வாங்க வேண்டியதில்லை. கேம்லின் ஆர்ட்டிஸ்ட் ஆயில் டியூபில் பர்ன்ட் அம்பர் ஒன்று, லாம்ப் பிளாக் ஒன்று. மாணவர் யாராவது எண்ணெய் ஓவியம் வரைகிறவர் என்றால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பட்டாணி அளவுதான் வேண்டும். அதை அட்டைத்துண்டில் பிதுக்கி ஒரு மணி நேரம் விட்டால் லின்சீட் எண்ணெயை அட்டை குடித்துவிடும். அப்போதுதான் பளபளக்காமல் காயும்.

அடுத்து அதை நீர்க்க வேண்டும். நான் என்.சி. தின்னரில் நீர்த்தேன். அதில் இருக்கும் டாலுயீன், அசிட்டேட் வகைகள் பெயிண்டைக் கரைத்து, கிளியரைக் கரைத்து, கடைசியில் பிளாஸ்டிக்கையே கரைத்தன. அதாவது மேலே சொன்ன பசை செய்த அதே வேலையை, நான் கேட்காத இடத்தில் செய்தது. என்ன நடக்கிறது என்று புரியாமல் துடைக்கப்போய், ரிவெட் வரிசையும் துணியோடு வந்துவிட்டது.

வெதரிங், அதாவது மாடலுக்கு அழுக்கும் பழசும் ஏற்றுகிற வித்தையே எது எதைக் கரைக்கும், எது எதைத் தொடாது என்பதில் இருக்கிறது. காய்ந்த டமியா அக்ரிலிக்கை ஆல்கஹால் இளக்கும். ஆயில் பெயிண்டையும் எனாமலையும் மினரல் டர்பன்டைன் கரைக்கும், ஆனால் நன்றாகக் காய்ந்த அக்ரிலிக்கைத் தொடாது. அதனால்தான் அடியில் அக்ரிலிக், மேலே ஆயில் வாஷ். பிடிக்கவில்லையா, டர்பன்டைன் தொட்டுத் துடைத்தால் வாஷ் மட்டும் போகும், பெயிண்ட் அப்படியே இருக்கும். என்.சி. தின்னர் எல்லாவற்றையும் தின்னும்.

கடையில் "எனாமல் பெயிண்டுக்குக் கலக்குற டர்பன்டைன் ஆயில்" என்று கேளுங்கள். எம்.டி.ஓ. என்றாலும் தெரியும். வாசனையிலேயே பிடித்துவிடலாம்: டர்பன்டைன் மண்ணெண்ணெய் வாடை, என்.சி. தின்னர் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை. அப்படியும் சந்தேகமா? பாகங்களை வெட்டியபின் மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். நகத்தால் கீறினால் பிசுபிசுக்கிறது என்றால் அந்தப் புட்டியை மாடல் இருக்கும் அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். இந்தச் சோதனையை இப்போது ஒவ்வொரு புதுப் புட்டிக்கும் செய்கிறேன்.

பால் கலக்காத கடுங்காப்பி மாதிரி இருக்கும்வரை நீர்த்துக்கொள்ளுங்கள். பூஜ்ஜிய நம்பர் பிரஷ்ஷின் நுனியால் ரிவெட்டின் அடியைத் தொடுங்கள், பூச வேண்டாம். தொட்டதும் அதுவே சுற்றி ஓடும். அரை மணி நேரம் கழித்து, டர்பன்டைன் தொட்டுக் கிட்டத்தட்ட உலர்ந்த தட்டைப் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக மட்டும் இழுத்து அதிகமானதை எடுத்துவிடுங்கள். மழைத் தண்ணீர் வழிகிற திசை அதுதானே. பக்கவாட்டில் இழுத்தால் யாரோ துணியால் துடைத்த மாதிரி ஆகிவிடும். ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

பெயர்ந்த பெயிண்ட், துரு

எல்லா ஆரம்பக்காரர்களும் இங்கேதான் அளவு மீறுகிறார்கள். போர்க்கால டாங்கி பத்து வருஷம் மழையில் கிடந்த வண்டி இல்லை. பட்டறையில் பெயிண்ட் அடித்து, கப்பலில் வந்து, ஓடிக்கொண்டே இருந்தது. ஆட்கள் ஏறும் இடம், கதவு விளிம்பு, கருவிகள் உரசும் இடம், இவை போதும். பழைய ஸ்பாஞ்சைப் பிய்த்துக் கரும்பழுப்பில் தொட்டு, தாளில் ஒற்றி எடுத்துவிட்டு லேசாகத் தட்டுங்கள்.

எங்கள் ஊரில் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிறது. இரும்பு எப்படி அரிக்கிறது என்று ஆராய்வதற்கே அங்கே ஒரு பிரிவு. மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளை உப்புக்காற்றில் வைத்துச் சோதிக்கிறார்கள். அப்படி இருக்கும்போது துருவைத் தப்பாகப் பூசினால் ஊருக்கே அவமானம் என்று நண்பர் ஒருவர் கிண்டல் செய்தார். புதுத் துரு ஆரஞ்சு, பழசாக ஆகக் கரும்பழுப்பு. டாங்கியில் ஆரஞ்சு தெரிய வேண்டிய இடம் பெரும்பாலும் புகைபோக்கி மட்டும்தான்.

டிராக்கில் துரு பூசுவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். லீயின் டிராக்கில் பெரும்பாலும் ரப்பர் கட்டைகள், அவற்றை இணைக்கும் பூட்டு மட்டும் எஃகு. ரப்பர் துருப்பிடிக்காது. கரும்சாம்பல் அடித்து, பூட்டுகளின் விளிம்பில் மட்டும் பென்சில் முனையைத் தேயுங்கள். நான் முதல் டாங்கியில் டிராக் முழுக்கத் துரு பூசியிருந்தேன். அந்த வகையில் அது உருகியதே நல்லது.

புழுதி

நான் எடுத்துக்கொண்ட காலம் 1945 மார்ச், மாண்டலே பக்கம். பர்மாவின் நடுப்பகுதி வறண்ட பூமி, மார்ச்சில் மழை கிடையாது. ஆகவே சேறு இல்லை, புழுதிதான். இம்பால், ஜூன் மாதம் என்று வைத்துக்கொண்டால் நேர்மாறு.

வாசலில் செம்மண் இருக்கிறதே என்று அள்ளிப் போடாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் மணல் 1/35 கணக்கில் மூன்றரை சென்டிமீட்டர், அதாவது ஜல்லி. வேட்டித் துணியில் இரண்டு தடவை சலித்தும் எனக்குச் சரியாக வரவில்லை.

விடை ஆத்தங்குடியில் கிடைத்தது. டைல்ஸ் போடும் இடத்தில் கண்ணாடிமேல் ஊற்றுகிற கலவைக்கு நிறம் தருவது ஆக்சைடு பொடிகள். மாடல் கடைக்காரர்கள் சின்ன டப்பியில் அடைத்து நூற்றுக்கணக்கில் விலை சொல்லும் பொடிகளில் பலவும் இதே இரும்பு ஆக்சைடுதான். ஹார்டுவேர் கடையில் கால் கிலோ வாங்கினால் ஆயுளுக்கும் போதும். மஞ்சள் அதிகம், சிவப்பு துளி, கருப்பு துளியிலும் துளி. அப்படியே போட்டால் நிறம் தூக்கலாக இருக்கும், சாக்பீஸ் தூள் இரண்டு பங்கு சேருங்கள்.

உலர்ந்த பிரஷ்ஷால் சக்கரத்தைச் சுற்றியும், தட்டையான இடங்களின் மூலைகளிலும் வைத்துவிட்டு, டர்பன்டைனை ஒரு சொட்டு ஓரத்தில் தொட்டால் ஊறிப் பரவும். ஈரத்தில் கறுப்பாகத் தெரியும், பயப்படாதீர்கள், காய்ந்ததும் வெளுத்துவிடும். மேட் வார்னிஷ் பொடிக்கு முன்பே அடித்துவிடுங்கள். பின்னால் அடித்தால் சாக்பீஸ் மறைந்துவிடும்.

பிறகு சேர்த்தவை

இந்தப் பதிவைப் படித்துச் செய்த ஒருவருக்குச் சக்கரத் தாங்கிகள் வாஷ் போட்ட மறுநாள் படக்கென்று உடைந்தனவாம். உட்பக்கம் பெயிண்ட் அடித்தீர்களா என்றேன், இல்லை என்றார். அதுதான் காரணம். டர்பன்டைன் பெயிண்டைத் தாண்டாது, ஆனால் வெறும் பிளாஸ்டிக்கில் தேங்கி நின்றால், அழுத்தத்தில் இருக்கும் பாகத்தை நொறுங்கவைக்கும். கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக்கும் ஒரு கோட் ப்ரைமர் கொடுங்கள். வாஷைத் தேங்கவிடாதீர்கள். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

இன்னொருவர் டைல்ஸ் பட்டறையிலிருந்து கலந்து வைத்திருந்த பொடியை வாங்கிவந்துவிட்டார். அதில் வெள்ளை சிமென்ட் இருக்கும். ஈரம் பட்டால் இறுகிவிடும். தனி ஆக்சைடு மட்டும் கேளுங்கள்.

ஐப்பசி அடைமழையில் மேட் வார்னிஷ் அடித்து மாடல் வெள்ளை பூத்துவிட்டது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். திரவம் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிகிறது. வெயில் அடிக்கும் நாளில் அதே இடத்தில் பளபளப்பு கிளியர் மெல்லிசாக ஒரு கோட் அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அதன்மேல் மறுபடி மேட்.

கடைசியாக, எனக்கே நடந்தது. முடித்த டாங்கியைப் பட்டாலை அலமாரியில் வைத்திருந்தேன். போன வெள்ளிக்கிழமை ஆத்தா வீடு துடைக்கும்போது "என்னப்பா, இவ்ளோ புழுதி அடஞ்சு கெடக்கு, ஒருத்தரும் பாக்கல" என்று ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்து வைத்துவிட்டார்கள். வாஷ் அப்படியே இருக்கிறது, பொடி மட்டும் போயிற்று. கண்ணாடிப் பெட்டிக்குத் தச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.