வெளிநாட்டில் ஓட்டல் அறை: தள்ளுபடியை நம்பாமல் உண்மையான வாடகையைக் கணக்கிடுவது எப்படி?

சிங்கப்பூரில் மூன்று இரவு தங்குவதற்காக ஓர் ஓட்டலின் சொந்தத் தளத்தில் அறை பார்த்தேன். ஒரு இரவுக்கு 200 டாலர். மூன்று இரவுக்கு 600 என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அறையைக் காலி செய்த அன்று கையில் வந்த பில் 719.40. வரவேற்பில் இருந்தவர் என் முன்பதிவுத் தாளையே திருப்பிக் காட்டினார். 200-க்குப் பக்கத்தில் எறும்பு அளவில் இரண்டு கூட்டல் குறிகள். அதற்கப்புறம் நான் அறை தேடும் முறையே மாறிவிட்டது. அந்த முறைதான் இது.

1. தேடும்போது

தேதி, ஆட்கள், குழந்தைகளின் வயது எல்லாவற்றையும் சரியாகக் கொடுங்கள். 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று குழந்தையை விட்டுவிட்டால், கூடுதல் படுக்கைக்கு அங்கே போய்த்தான் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

2. வரியைச் சேருங்கள் (நான் விழுந்த குழி)

200++ என்றால் என்ன? சிங்கப்பூரில் முதல் கூட்டல் 10% சேவைக் கட்டணம். இரண்டாவது ஜிஎஸ்டி, 2024 தொடக்கத்திலிருந்து 9%. இரண்டையும் கூட்டி 19% என்று போட்டால் கணக்கு தப்பும். சேவைக் கட்டணத்துக்கும் சேர்த்துத்தான் வரி. 200-உடன் 20 சேர்ந்து 220. அந்த 220-க்கு 9% என்றால் 19.80. ஆக ஒரு இரவுக்கு 239.80. விலைக்குப் பக்கத்தில் 'நெட்' என்று இருந்தால் எல்லாம் அடக்கம், நிம்மதி.

இதைத் தாண்டி நகர வரி, சுற்றுலா வரி என்று ஒன்று உண்டு. ஆம்ஸ்டர்டாமில் அது அறை வாடகையில் 12.5%. மலேசியாவில் வெளிநாட்டவருக்கு அறை ஒன்றுக்கு இரவுக்கு 10 ரிங்கிட். துபாயில் ஓட்டலின் தரத்தைப் பொறுத்து 7 முதல் 20 திர்ஹாம் வரை. முன்பதிவு செய்யும்போதே முழுப் பணத்தையும் கட்டியிருந்தாலும், பல இடங்களில் இதை ஓட்டலில்தான் வசூலிப்பார்கள். பணம் செலுத்தும் பக்கத்தில் அடிவரை உருட்டி, 'ஓட்டலில் செலுத்த வேண்டியவை' என்ற பகுதியைத் தேடுங்கள். அங்கே இருக்கும் தொகையையும் சேர்த்ததுதான் வாடகை.

3. ஒரே நிபந்தனையோடு ஒப்பிடுங்கள்

ஒரே அறைக்கு நாலு விலை தெரியும். காலை உணவோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. ரத்து செய்தால் பணம் திரும்புவது ஒன்று, திரும்பாதது ஒன்று. மலிவாகத் தெரிவது பெரும்பாலும் பணம் திரும்பாத, உணவில்லாத விலைதான். விசா கையில் வரும்வரை அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நான் செய்வது இதுதான்: ரத்து செய்யக்கூடிய அறையை முதலில் பிடித்துவிடுவேன். வாரம் ஒருமுறை விலையைப் பார்ப்பேன். குறைந்திருந்தால் புதியதைப் பதிவு செய்து, உறுதி மின்னஞ்சல் வந்த பிறகே பழையதை ரத்து செய்வேன். வரிசையை மாற்றிச் செய்து கடைசி அறையைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு. ரத்துக்கான கெடு பொதுவாக ஓட்டல் இருக்கும் ஊரின் நேரப்படி என்பதையும் மறக்க வேண்டாம்.

4. தள்ளுபடி

சிவப்புக் கோடு போட்டு அடித்த பழைய விலையை நான் பார்ப்பதே இல்லை. அந்த விலைக்கு யாராவது உண்மையில் தங்கினார்களா என்று நமக்குத் தெரியப்போவதில்லை. '20% தள்ளுபடி, அதற்கு மேல் 10%' என்றால் 30% அல்ல. 100 முதலில் 80 ஆகும், பிறகு 72. ஆகத் தள்ளுபடி 28% தான்.

உருப்படியான தள்ளுபடி என்று நான் நம்புவது உறுப்பினர் விலையை. பெரிய ஓட்டல் குழுமங்களில் உறுப்பினராவதற்குக் காசு கிடையாது. கூகுளில் தேடி எந்தத் தளத்தில் என்ன விலை என்று பார்த்துவிட்டு, ஓட்டலின் சொந்தத் தளத்தில் உறுப்பினராக நுழைந்து பாருங்கள். பத்து செயலிகளை இறக்கி வைத்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு தாளும் பேனாவும் போதும். கூகுளில் மலிவாகத் தெரிந்த தளம், ஓட்டலின் சொந்தத் தளம் இரண்டிலும் கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத்தை மட்டும் எழுதுங்கள்.

5. பணம் கட்டும்போது

ஓட்டலில் அட்டை தேய்க்கும்போது 'உங்கள் நாட்டுப் பணத்திலா, இந்த ஊர்ப் பணத்திலா' என்று கருவி கேட்கும். ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். நம் பணத்தில் காட்டும் தொகை புரிவதற்கு எளிது, ஆனால் அந்த மாற்று விகிதத்துக்குள் அவர்களுடைய லாபமும் ஒளிந்திருக்கும். அறை எடுக்கும்போது ஓட்டல் பிடித்து வைக்கும் முன்வைப்புத் தொகைக்குக் (டெபாசிட்) கிரெடிட் கார்டு நல்லது. டெபிட் கார்டு கொடுத்தால் நம் கணக்கிலிருக்கும் சொந்தப் பணம் சில நாள் முடங்கிக் கிடக்கும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஜப்பான் போன ஒருவர், 'இரண்டு பேருக்கு இரண்டு மடங்கு கேட்கிறார்கள்' என்று எழுதியிருந்தார். அது தவறல்ல. ரியோகான் என்னும் மரபான விடுதிகளில் ஆள் கணக்கில்தான் விலை சொல்வார்கள். இரவு உணவும் காலை உணவும் பெரும்பாலும் அதிலேயே அடங்கும்.

இன்னொன்று: லாஸ் வேகாஸின் 'ரிசார்ட் கட்டணம்', அதாவது அறை வாடகைக்கு மேல் ஓட்டல் கட்டாயமாக வசூலிக்கும் கட்டணம் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். அமெரிக்காவில் 2025 மே 12 முதல் கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்த மொத்தத்தையே விளம்பரத்தில் காட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஆனால் அரசு வரிகளை அந்தத் தொகையில் சேர்க்காமல் விடலாம். அதனால் அங்கேயும் பணம் செலுத்தும் பக்கம்வரை போய்ப் பார்த்துவிடுங்கள்.