முட்டைக்கோஸை நறுக்கியதும் அடுப்பில் ஏற்றாதீர்கள்

சமையலறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் கையில் எடுப்பது கோஸைத்தான். மெல்லிசாக நறுக்கி, தட்டில் பரப்பி, ஓரமாக வைத்துவிடுவேன். மற்ற வேலைகளை முடித்துவிட்டு, சுமார் 40 நிமிடம் கழித்துத்தான் அது அடுப்புக்குப் போகும். காலிஃபிளவர், ப்ரோக்கோலி, நூக்கோல் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். எல்லாம் ஒரே குடும்பம். முள்ளங்கியும் கடுகும்கூட அதில் சேர்த்தி.

ஏன் இந்தக் காத்திருப்பு? இந்தக் காய்களின் திசுக்களில் குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சேர்மம் ஒரு பக்கமும், மைரோசினேஸ் என்ற நொதி (என்சைம்) இன்னொரு பக்கமும் பிரிந்தே இருக்கும். கத்தி பட்டுத் திசு உடைந்தால்தான் இரண்டும் சேர்ந்து வினை தொடங்கும். நறுக்கிய கோஸில் ஒரு துண்டை வாயில் போட்டு நிதானமாக மென்று பாருங்கள். முதலில் லேசான இனிப்பு, அப்புறம் மூக்குப் பக்கம் ஏறும் ஒரு சுருக். அந்தக் காரம் இந்த வினையில் பிறந்ததுதான். ப்ரோக்கோலியில் சல்ஃபோராஃபேன் என்ற, உடலுக்கு நல்லதாகக் கருதப்படும் சேர்மம் உருவாவதும் இப்படித்தான். சூடு அதிகமானால் நொதி செயலிழந்துவிடும். அதனால் வேலை முடிய நேரம் கொடுத்துவிட்டுச் சமைக்க வேண்டும்.

இதே வினையில் இன்டோல்-3-கார்பினால் என்ற பொருளும் கிடைக்கிறது. இரைப்பை அமிலத்தில் அது உருமாறி, குடல் சுவரில் உள்ள ஒரு ஏற்பியை, அதாவது செல்லுக்குச் செய்தி வாங்கித் தரும் புரதத்தை, தூண்டுகிறது. குடலைக் காவல் காக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள் நிலைத்திருக்க அந்தத் தூண்டுதல் தேவை. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், காய்கறிச் சத்து இல்லாத செயற்கை உணவு தின்ற எலிகளுக்கு அந்தச் செல்கள் வெகுவாகக் குறைந்தன. எலியில் கண்டது அப்படியே மனிதருக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் எனக்கு அது போதுமான காரணம்.

தண்ணீரில் கொதிக்க வைத்து வடித்தால் குளுக்கோசினோலேட்டில் கணிசமான பங்கு தண்ணீரோடு போய்விடும். ஆவியில் சில நிமிடம் வேகவையுங்கள். பச்சை பளிச்சென்று தெரியும்போதே, கடித்தால் நறுக்கென்று இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். காத்திருக்க நேரமில்லையா? வெந்த காயின் மேல் பச்சைக் கடுகுப்பொடியை ஒரு சிட்டிகை தூவுங்கள். கடுகிலும் அந்த நொதி உண்டு. எண்ணெயில் பொரிந்த கடுகுக்கு இந்தப் பலன் இல்லை.

நொதி உடைக்காமல் விட்டுவைத்த குளுக்கோசினோலேட்டைப் பெருங்குடலில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் உடைக்கும், ஆனால் குறைவாக. ஆன்டிபயாடிக் எடுக்கும் காலத்தில் அந்த வேலையும் மந்தமாகும். குடல் பாக்டீரியாக்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு: காயின் நார்ச்சத்தை நொதிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களைத் தருவது. பெருங்குடல் சுவர்ச் செல்களுக்கு பியூட்டிரேட்தான் முக்கிய எரிபொருள்.

சரி, வாயுத் தொல்லை? ராஃபினோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி நம் சிறுகுடலில் கிடையாது. அது அப்படியே கீழே இறங்கி, பாக்டீரியா கையில் வாயுவாகிறது. நாற்றம் கந்தகத்தால் வருவது. இதற்குப் பயந்து பலர் இந்தக் காய்களையே ஒதுக்கிவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. முதல் வாரம் இரண்டு மூன்று தேக்கரண்டி, அதுவும் வேகவைத்து. வயிறு அமைதியாக இருந்தால் கொஞ்சம் கூட்டுங்கள். உப்பிசம் வந்தால் பழைய அளவுக்கே திரும்பி, சில நாள் அங்கேயே நில்லுங்கள். பச்சையாகச் சாப்பிடுவது கடைசியில்தான்.

எரிச்சல் குடல் நோய் (IBS) உள்ளவர்களுக்குக் காலிஃபிளவர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது. அதில் மானிட்டால் என்ற, எளிதில் செரிக்காத சர்க்கரை வகை அதிகம். தைராய்டு குறைபாடு இருந்தால் வேகவைத்தே சாப்பிடுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் இந்தக் காய்களின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ப்ரோக்கோலியிலும் கீரை வகைகளிலும் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேகத்தை மாற்றும், முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.