சுடோகு மட்டும் போதாது: மூளை நலத்தில் நாம் செய்யும் தவறுகள்

அறுபதைத் தாண்டியதும் மறதிக்குப் பயந்து பலரும் முதலில் எடுப்பது சுடோகு அல்லது குறுக்கெழுத்துப் புதிர். எடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் காலையில் ஒரு மணி நேரம் கட்டங்களை நிரப்பிவிட்டு மிச்சப் பொழுது முழுக்க டிவி முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தால், மூளைக்குத் தேவையானதில் ஒரு பங்குகூடச் சரியாகக் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

அமெரிக்காவில் 2,800க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் நடந்த ‘ஆக்டிவ்’ ஆய்வில் ஒரு குழுவுக்கு நினைவாற்றல், இன்னொன்றுக்குத் தர்க்கம், மூன்றாவதற்குப் பார்த்ததைச் சட்டென்று கிரகிக்கும் வேகம் என்று பயிற்சி கொடுத்தார்கள். எதைப் பழகினார்களோ அதில்தான் தேறினார்கள். புதிர் போட்டால் புதிர் போடும் திறமை வளரும். மருந்து எங்கே வைத்தோம் என்பது நினைவிருக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. தன் மூளை விளையாட்டுகள் மறதியைத் தடுக்கும் என்று விளம்பரம் செய்த ‘லூமாசிட்டி’ நிறுவனம், ஆதாரம் போதாது என்ற வழக்கில் 2016ல் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

பின்லாந்தில் நடந்த ‘ஃபிங்கர்’ ஆய்வு வேறு வழியில் போனது. 60 முதல் 77 வயது வரையுள்ள, மறதி நோய் வரும் வாய்ப்பு சற்று அதிகமாக இருந்த 1,260 பேர். அதில் பாதிப் பேருக்கு இரண்டு ஆண்டுகள் உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, உணவு ஆலோசனை, ரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு எல்லாம் சேர்த்துத் தந்தார்கள். பலவற்றைக் குழுவாகக் கூடிச் செய்ததால் பழக ஆளும் கிடைத்தது. மறுபாதிக்கு வழக்கமான ஆரோக்கிய ஆலோசனை. 2015ல் முடிவு வந்தபோது, ஒட்டுமொத்தச் சிந்தனைத் திறன் தேர்வில் முதல் குழுவின் முன்னேற்றம் 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. நினைவாற்றலில் மட்டும் தெளிவான வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதற்காக இதை ஒதுக்கிவிட முடியாது. திட்டமிடுவதிலும் சட்டென்று யோசிப்பதிலும் முன்னேற்றம் தெரிந்தது; அவைதானே ஒருவரைத் தன் காலில் நிற்க வைக்கின்றன?

அடுத்த தவறு நடையில். மொட்டை மாடியில் போனில் பேசிக்கொண்டே உலாவுவதை உடற்பயிற்சிக் கணக்கில் எழுதிவிடுகிறோம். பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. மூச்சு அந்த அளவுக்கு வாங்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். அதோடு தசைக்கு வலு தரும் பயிற்சியும், முதியவர்களுக்குச் சமநிலைப் பயிற்சியும் வேண்டும். நம் வீடுகளில் இந்த இரண்டும் அநேகமாக யாருக்கும் நினைவிலேயே இல்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதிலிருந்து தொடங்கலாம்.

அப்புறம், பிள்ளைகள் பாசத்தால் செய்யும் தவறு. “நீங்க சும்மா உட்காருங்கப்பா, நான் ஆன்லைன்ல வாங்கிக்கறேன்.” அப்பா சந்தைக்கு நடந்து போகிறார், என்ன வாங்க வேண்டும் என்று நினைவில் வைக்கிறார், பேரம் பேசுகிறார், சில்லறையை எண்ணுகிறார், வழியில் நாலு பேரிடம் நலம் விசாரிக்கிறார். உடலும் மூளையும் மனிதரும் ஒரே வேலையில் சேர்ந்து கிடைக்கும்போது அதைப் பிடுங்கிக்கொண்டு கையில் ஒரு செயலியைத் திணிப்பது அநியாயம். அம்மாவின் சமையலறைக்கும் இதே கதைதான். விழுந்துவிடும் ஆபத்து இருந்தால் கூடவே போங்கள், வேலையைப் பறிக்காதீர்கள்.

பழகிப்போனதையே திரும்பத் திரும்பச் செய்வதும் போதாது. நாற்பது வருடமாகச் சொல்லும் அதே பாடலைத் தூக்கத்திலும் சொல்லலாம். பஜனைக் குழுவில் புதுப் பாட்டு ஒன்றைக் கற்பதும், தெரியாத புள்ளிக்கோலத்தைப் பேத்தியோடு போட்டுப் பார்ப்பதும், நடனம் பழகுவதும் வேறு ரகம். அடுத்த அடி என்ன என்று யோசிக்கவும் வேண்டும், பக்கத்தில் இருப்பவரோடு இசைந்துபோகவும் வேண்டும்.

காது கேட்காததை மறதி என்று நினைப்பது இன்னொன்று. சொன்னது விழவில்லை என்றால் எப்படி நினைவிருக்கும்? கேட்கத் திணறுபவர் மெல்ல மெல்லப் பேச்சிலிருந்தே ஒதுங்கிவிடுவார். 2024ல் ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்ட, மறதி நோய்க்கான, மாற்றிக்கொள்ளக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளில் செவித்திறன் குறைவும் சமூகத் தனிமையும் இரண்டுமே உண்டு. வாட்ஸ்அப்பில் காலை வணக்கப் படம் அனுப்புவதை உறவாடல் என்று எண்ணாமல், முதலில் காதைப் பரிசோதித்துவிடுங்கள். கருவி வாங்கினால் அதைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் தினமும் போட வேண்டும்.

இவ்வளவையும் செய்துவிட்டு ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். நடக்கிறேனே, இனி எதற்கு என்று தாங்களே முடிவு செய்வது ஆபத்து. அதேபோல், தெரிந்த தெருவில் வழி தவறினாலோ, பணக் கணக்கு திடீரென்று குழம்பினாலோ, கேட்ட கேள்வியையே மறுபடி மறுபடி கேட்டாலோ பயிற்சியைக் கூட்டிப் பார்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். தைராய்டு கோளாறு, பி12 குறைபாடு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல உண்டு. சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, கூட வசிக்கும் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.