காணாமல் போனவர்களைப் பற்றி 15 நிமிட ஆவணப்படம்: ஃபிளானன் தீவை வைத்து ஒரு செய்முறை

துப்புத் துலங்காத வழக்கைப் படமாக்கும்போது புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஆதாரத்தில்தான். கேமராவில் செய்த பிழையை மறுபடி எடுத்துச் சரிக்கட்டிவிடலாம். பொய்த் தகவலை நம்பி எழுதிய ஸ்கிரிப்டைச் சரிக்கட்ட வழியே இல்லை. அதனால் இந்தச் செய்முறையில் முக்கால் பங்கு மேசை வேலை.

பழகுவதற்கு ஏற்ற வழக்கு, ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுக்கு மேற்கே சுமார் 32 கிலோமீட்டர் தள்ளி அட்லாண்டிக்கில் கிடக்கும் ஃபிளானன் தீவுகள். அவற்றில் பெரியது அய்லன் மோர். அங்குள்ள கலங்கரை விளக்கம் 1899 டிசம்பர் 7 அன்று முதன்முதலில் ஏற்றப்பட்டது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 1900 டிசம்பரில், அங்கே பணியில் இருந்த ஜேம்ஸ் டுக்கட், தாமஸ் மார்ஷல், டொனால்ட் மெக்ஆர்தர் மூவரும் காணாமல் போனார்கள். உடல்கள் கிடைக்கவே இல்லை. ஆவணங்கள் குறைவு, கட்டுக்கதைகள் ஏராளம். பழகுபவருக்கு வேறென்ன வேண்டும்?

படி 1: ஆதாரத் தாள்

எக்செல்லில் நான்கு பத்திகள் போடுங்கள்: தகவல், சொன்னவர், சொன்ன தேதி, நேரில் பார்த்தாரா. ஒரு வரிக்கு ஒரு தகவல் மட்டும். பிறகு நிறம் கொடுங்கள். நேரில் பார்த்தவர் சில நாட்களுக்குள் எழுதியது பச்சை, கேட்டுச் சொன்னது மஞ்சள், பிற்காலத்தில் முளைத்தது சிவப்பு.

இந்த வழக்கில் பச்சைக்கு உரியவை மூன்று: மாற்றுக் காவலரைத் தீவுக்குக் கொண்டுவந்த ஹெஸ்பரஸ் கப்பலின் கேப்டன் டிசம்பர் 26 அன்று அனுப்பிய தந்தி, தீவில் முதலில் இறங்கிய மாற்றுக் காவலர் ஜோசப் மூர் டிசம்பர் 28 அன்று எழுதிய கடிதம், கண்காணிப்பாளர் ராபர்ட் முயர்ஹெட் 1901 ஜனவரி 8 அன்று எழுதிய அறிக்கை. மூன்றின் வாசகத்தையும் வடக்குக் கலங்கரை விளக்க வாரியம் தன் இணையதளத்தில் தருகிறது. வேறு எதைப் படிக்கும் முன்பும் இவற்றைப் படித்துவிடுங்கள். வரிசை மாறினால், யூடியூபில் பார்த்த கதையைத்தான் கண் இந்தக் கடிதங்களிலும் தேடும்.

நிறத்தின் பலன் உடனே தெரியும். பாதி சாப்பிட்ட உணவு, கவிழ்ந்த நாற்காலி என்று எல்லாரும் சொல்வார்கள். அவற்றைப் பரப்பியது 1912இல் வில்பிரிட் வில்சன் கிப்சன் எழுதிய கவிதை. மூரின் கடிதமோ சமையல் பாத்திரங்கள் சுத்தமாக இருந்தன, ஆகவே மதிய உணவு முடிந்துதான் வெளியே போயிருக்க வேண்டும் என்கிறது. 'மெக்ஆர்தர் அழுதான்' என்பது போன்ற பதிவேட்டு வரிகள் 1929இல் ஓர் அமெரிக்க இதழில் வந்தவை. உண்மைப் பதிவேட்டில் கடைசிப் பதிவு டிசம்பர் 13. அதற்குப் பின் பலகையில் குறித்த குறிப்புகள் 15ஆம் தேதி காலை 9 மணியோடு நின்றுவிடுகின்றன.

சிவப்பைத் தூக்கி எறிய வேண்டாம். கதை எப்படி ஊதிப் பெருத்தது என்று காட்ட இரண்டு நிமிடம் ஒதுக்கலாம். ஆனால் அதை நிகழ்வாக நடித்துக் காட்டக் கூடாது. பார்ப்பவர் வாய்ஸ் ஓவரை மறந்துவிடுவார், கவிழ்ந்த நாற்காலியை மறக்க மாட்டார்.

படி 2: தேதிக்கோடு

சுவரில் காகிதம் ஒட்டி நாட்களை எழுதுங்கள். டிசம்பர் 7: முயர்ஹெட் தீவுக்கு வந்து காவலர்களிடம் விடைபெற்றார். 15: காலைக் குறிப்பு. அன்றிரவே அவ்வழி சென்ற ஆர்க்டர் என்ற நீராவிக் கப்பல் விளக்கு எரியாததைக் கவனித்தது. அது லீத் துறைமுகம் சேர்ந்தது 18ஆம் தேதி. ஆனாலும் செய்தி வாரியத்துக்குப் போகவில்லை. 20: ஹெஸ்பரஸ் போயிருக்க வேண்டிய நாள், மோசமான வானிலையால் தள்ளிப்போனது. 26: மூர் கரையேறினார்.

15ஆம் தேதி காலை 9 மணிக்கும் இருட்டுவதற்கும் நடுவே ஓர் இடைவெளி விழுகிறது பாருங்கள். அந்த அட்சரேகையில் டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். உங்கள் படம் முழுக்க அந்த ஆறேழு மணி நேரம்தான். இங்கே செய்யும் வழக்கமான தவறு ஒன்று உண்டு: 26ஆம் தேதிக்குப் பின் கண்ட சேதத்தை, 15ஆம் தேதி அலை செய்ததாக எழுதிவிடுவது. இடையே 11 நாள் கடல் இருக்கிறது.

படி 3: உயரத்தைக் காட்டுங்கள்

இந்த வழக்கின் உயிர் செங்குத்து அளவில் இருக்கிறது. தீவுக்கு இரண்டு இறங்குதுறைகள். கிழக்கில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. மேற்கில், கடல்மட்டத்திலிருந்து 110 அடி (சுமார் 33 மீட்டர்) உயரத்தில் பாறை இடுக்கில் வைத்திருந்த கயிற்றுப் பெட்டி அடித்துச் செல்லப்பட்டுக் கயிறுகள் சிதறிக் கிடந்தன. இரும்புக் கம்பிகள் வளைந்திருந்தன. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள பாறை இடம்பெயர்ந்திருந்தது. 200 அடி உயரத்தில் மலைவிளிம்பின் புல்தரையும் பெயர்ந்திருந்தது.

எண்களை மட்டும் வாசித்தால் யாருக்கும் உறைக்காது. பக்கவாட்டு வெட்டுப்படம் ஒன்று வரையுங்கள். கீழே கடல், 33 மீட்டரில் பெட்டி, 60 மீட்டரில் விளிம்பு. ஒரு மாடி 3 மீட்டர் என்று கொண்டால் பெட்டி இருந்தது பதினோரு மாடி உயரம். அதே அளவில் ஒரு மனித உருவத்தையும் நிறுத்துங்கள்.

தீவின் திட்டப்படத்துக்கு ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் பழைய வரைபடங்கள் உதவும், பயன்பாட்டு நிபந்தனையை ஒவ்வொன்றுக்கும் பாருங்கள். 1920 பிக்சல் அகலமுள்ள படத்தை இரண்டு மடங்கு ஜூம் செய்தால் பிசிறும். குறைந்தது 4000 பிக்சல் தேவை.

படி 4: ஸ்கிரிப்ட்

தமிழ் வாய்ஸ் ஓவர் நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொற்கள். 15 நிமிடப் படத்தில் 7 நிமிடம் பேசினால் போதும், அதாவது 650 சொற்கள். மிச்சம் கடலுக்கும் காகிதங்களுக்கும். ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் ஆதாரத் தாளின் வரி எண்ணைக் குறியுங்கள். எண் இல்லாத வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

ஊகங்களுக்கு ஒரே அளவுகோல்: எந்தத் தடயத்தை விளக்குகிறது, எதை விளக்கவில்லை? மேற்குத் துறையில் பெட்டியைப் பத்திரப்படுத்தப் போனவர்களைப் பேரலை இழுத்துச் சென்றது என்பது முயர்ஹெட்டின் முடிவு. காற்று தூக்கி எறிந்திருக்குமா என்றும் அவர் யோசித்தார். மேற்குக் காற்று அவர்களைத் தீவுக்குள்தான் தள்ளியிருக்கும் என்று அதை விலக்கினார். டுக்கட்டும் மார்ஷலும் கடல் பூட்ஸும் மழை உடையும் போட்டுப் போயிருந்தார்கள். மெக்ஆர்தரின் மேலங்கி மட்டும் உள்ளேயே இருந்தது. விளக்கைத் தனியே விடக் கூடாது என்ற விதி இருந்தும் மூன்றாமவர் சட்டையோடு ஏன் ஓடினார்? இதற்கு 'ஒருவேளை' போட்டுத்தான் பதில் எழுத முடியும். படத்தில் ஒருமுறை மட்டும் போடுங்கள்.

கவிதை வரியைப் படிக்க ஆசை வந்தால் கவனம். கிப்சன் இறந்தது 1962இல். இந்தியாவில் 60 ஆண்டுக் காப்புரிமை 2022 முடிவோடு தீர்ந்தது. பிரிட்டனில் 70 ஆண்டு என்பதால் 2032 முடிவுவரை இருக்கிறது. இணையத்தில் ஏற்றும் படம் இரண்டு நாட்டிலும் ஓடும்.

படி 5: படமும் ஒலியும்

தீவுக்குப் போக முடியாதவர்கள் வேறு கடலைக் காட்டலாம், ஆனால் 'மாதிரிக் காட்சி' என்று திரையில் எழுதுங்கள். போகிறவர்கள் இரண்டு மூன்று உபரி நாள் வைத்துக்கொள்ளுங்கள், அலை இருந்தால் படகு கரை ஒட்டாது. கோடையில் கடற்பறவைகள் கூடு கட்டியிருக்கும், ட்ரோனை அருகே விடக் கூடாது.

நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வைத்தால் 50 ஹெர்ட்ஸ் விளக்குகள் திரையில் மினுக்காது. காற்றில் வெறும் மைக் பயன்படாது; ரோம உறை மாட்டி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிட ஒலி எடுங்கள், எடிட்டில் கட்டுகளை ஒட்ட அதுதான் பசை. வாய்ஸ் ஓவர் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். திகில் இசையை முதல் எடிட்டில் சேர்க்காதீர்கள். இசை இல்லாமல் படம் நிற்கவில்லை என்றால் படி 2க்குத் திரும்புங்கள், தேதி எங்கோ குழம்பியிருக்கும்.

ஃபைனல் ஏற்றும் முன், வழக்கைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டி ஒரே கேள்வி கேளுங்கள்: மேசையில் உணவு இருந்ததா? 'இருந்தது' என்று சொன்னால் நீங்கள் காட்டிய ஏதோ ஒரு ஷாட் பொய் சொல்லியிருக்கிறது. எது என்று கண்டுபிடித்து வெட்டுங்கள்.