கல்லூரி எழுத்துப் போட்டிகள்: நல்ல கதை ஏன் முதல் சுற்றிலேயே விழுகிறது?

கல்லூரி முத்தமிழ் விழா, வேறு கல்லூரியின் கல்ச்சுரல்ஸ், தமிழ் வளர்ச்சித் துறையின் மாவட்டப் போட்டி, பதிப்பகமோ சிற்றிதழோ நடத்தும் சிறுகதைப் போட்டி என்று எழுத ஆசையுள்ள மாணவருக்கு வாய்ப்புக்குக் குறைவில்லை. தமிழ் வளர்ச்சித் துறை கவிதை, கட்டுரை, பேச்சு மூன்றுக்கும் மாவட்ட அளவில் தரும் பரிசுகள் 10,000, 7,000, 5,000 ரூபாய். விடுதி மாணவருக்கு இது சில மாத மெஸ் பில். ஆனாலும் பலர் தோற்பதற்குக் காரணம், தான் எழுதியதை யார், எந்த நிலையில் படிக்கப்போகிறார் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காததுதான்.

முதல் சுற்றில் படிப்பவர் பெரும்பாலும் ஒரு தமிழாசிரியர், அல்லது ஓரளவு எழுதிய ஒருவர். செமஸ்டர் விடைத்தாள் திருத்திய களைப்போடு போட்டிக்கு வந்த கதைகளின் கட்டைப் பிரிப்பார். எதை ஒதுக்கலாம் என்றுதான் முதலில் தேடுவார். அதில் தப்பு சொல்ல முடியாது. கட்டு அவ்வளவு பெரியது.

அந்தக் கட்டில் என்ன இருக்கும்? முதியோர் இல்லத்தில் அம்மாவை விட்டுவிட்டுக் கடைசிப் பத்தியில் மனம் திருந்தும் மகன். கடன் தாங்காத விவசாயி. எல்லைக்குப் போன ராணுவ வீரனின் கடிதம். இந்தக் கதைகளில் பாதி, கதிரவன் பொற்கதிர்களைப் பரப்புவதில் தொடங்கும். மீதி அலாரம் அடிப்பதில். இவற்றை எழுதக் கூடாது என்பதில்லை. முதியோர் இல்லத்தைப் பற்றித் தாராளமாக எழுதலாம், அங்கே மத்தியானச் சாப்பாட்டுக்கும் சாயங்கால டீக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால். தெரியாமல் எழுதும்போது எல்லோரும் ஒரே சினிமாக் காட்சியைத்தான் எழுதுகிறார்கள்.

நடுவருக்குத் தெரியாத விஷயங்கள் உங்களிடம் நிறைய இருக்கின்றன. ஒன்று சொல்கிறேன். பொறியியல் போன்ற படிப்புகளில் முதல் பட்டதாரி கல்விக் கட்டணச் சலுகை ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான். அண்ணன் அதை வாங்கிச் சேர்ந்து பாதியில் நின்றுவிட்டான், இப்போது தங்கைக்குச் சீட் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இ-சேவை மையத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணனும் தங்கையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே ஒரு கதை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. எல்லைக்குப் போன ராணுவ வீரனுக்கு அவசியமே இல்லை. அரியர் கட்டணம், ராத்திரி உணவு டெலிவரிக்குப் போகும் அறைத்தோழன், பிளேஸ்மென்ட் இன்டர்வியூவுக்கு இரவல் வாங்கிய ஷூ, இவற்றையெல்லாம் பற்றி எழுத வேறு யார் இருக்கிறார்கள்?

அடுத்தது முடிவு. 'எனவே பெற்றோரை மதிப்போம்' என்று கதாசிரியர் மேடையேறுவது ஒரு வகை. எல்லாம் கனவு, அல்லது இதுவரை பேசியது ஒரு நாய், அல்லது பேசியவர் இறந்துபோனவர் என்பது இன்னொரு வகை. இரண்டாவதை மாணவர்கள் அபார உத்தி என்று நினைக்கிறார்கள். கட்டில் அதே உத்தியோடு இன்னும் நான்கு கதைகள் கிடக்கும். நடுவர் இரண்டாம் பத்தியிலேயே மோப்பம் பிடித்துவிடுவார். ஒரு எளிய சோதனை: கடைசிப் பத்தியை விரலால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். கதை அப்போதும் நிற்கிறது என்றால் அந்தப் பத்தி வேண்டாம்.

உரையாடலில் இரண்டு பக்கமும் பள்ளம். சமையலறையில் நிற்கும் அம்மா "மகனே, உணவு உண்டாயா?" என்று கேட்டால் அந்த அம்மா யாருடைய அம்மாவும் இல்லை. இதற்குப் பயந்து, சென்னையில் பிறந்து வளர்ந்தவர் நாலு இடத்தில் 'ஏலே' போட்டுத் திருநெல்வேலிக் கதை ஆக்கப் பார்ப்பதும் நடக்கிறது. நடுவர் அந்தப் பக்கத்துக்காரராக இருந்துவிட்டால் தீர்ந்தது. உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் காதில் விழும் பேச்சே போதும்.

கவிதைக்கு வந்தால், அறிவிப்பில் மரபா புதுக்கவிதையா என்று பார்ப்பதே பலருக்கு மறந்துவிடுகிறது. வெண்பா கேட்டிருந்தால் ஈற்றடி மூன்று சீர், மற்ற அடிகள் நான்கு சீர், தளை (ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறை) தட்டக் கூடாது, கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றின் வாய்பாட்டில் முடிய வேண்டும். 'அவலோகிதம்' என்ற இணையச் செயலியில் போட்டால் தளை தட்டும் இடத்தைக் காட்டிவிடும், அப்புறமும் தட்டினால் மன்னிப்பே கிடையாது. புதுக்கவிதையில் ஒரே நோய்தான்: ஒரு உரைநடை வாக்கியத்தை ஐந்தாக ஒடித்து ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்குவது.

அரங்கில் உட்கார்ந்து எழுதும் போட்டிகள் தனி ரகம். தலைப்பு அங்கேதான் தெரியும். வீட்டில் மனப்பாடம் செய்த கட்டுரையை எந்தத் தலைப்பு வந்தாலும் அதற்குள் திணிப்பது முதல் தவறு. தலைப்பை முதல் வரியிலும் கடைசி வரியிலும் மட்டும் ஒட்டியிருப்பது பளிச்சென்று தெரியும். இரண்டாவது, மேற்கோள். 'தமிழன் என்றோர் இனமுண்டு' என்பதை பாரதி தலையில் கட்டுவார்கள். அது நாமக்கல் கவிஞருடையது. இதைவிட மோசம், 'மெல்லத் தமிழினிச் சாகும்' என்று பாரதியே மனமுடைந்து பாடியதாக எழுதுவது. அப்படிச் சொன்னவனைப் 'பேதை' என்று அதே பாட்டில் திட்டுகிறார் அவர். தமிழாசிரியர் படிக்கும் தாளில் இந்த ஒரு பிழை போதும். உறுதியாகத் தெரியாத மேற்கோளை விட்டுவிட்டால் மதிப்பெண் குறையாது.

ஏஐ பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். சாட்ஜிபிடியிடம் கதை வாங்கி அனுப்புவது இப்போது சகஜம். பல போட்டிகள் விதியிலேயே தடுத்துவிட்டன. விதி இல்லாவிட்டாலும் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம், ஏனென்றால் ஒரே தலைப்பைக் கொடுத்துப் பத்துப் பேர் கேட்டால் பத்து உறவினர்கள் மாதிரி இருக்கும் கதைகள் வருகின்றன. வாக்கியம் சுத்தமாக இருக்கும். ஊர் இருக்காது, தெருப் பெயர் இருக்காது, யாருக்கும் காசுக் கவலை இருக்காது. குரல்வழித் தட்டச்சு செய்பவர்களுக்கு வேறு ஆபத்து: மனம் மணமாகும், அவள் அவலாகும். அச்செடுத்து ஒருமுறை சத்தமாகப் படித்தால் பாதி பிழை அகப்படும்.

கோப்பு அனுப்புவதிலும் நல்ல படைப்புகள் வீணாகின்றன. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வேர்டு கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் திறக்கும். தமிழக அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது, அதில் அனுப்புவதே பாதுகாப்பு. சொல் எண்ணிக்கை இன்னொரு சிக்கல். 'வந்து கொண்டு இருந்தான்' என்று பிரித்தால் மூன்று சொல், சேர்த்தால் ஒன்று. வரம்பை ஒட்டி எழுதாமல் கொஞ்சம் குறைவாகவே நிறுத்துங்கள். படைப்பின் பக்கத்தில் பெயர் இருக்கக் கூடாது என்று விதி சொன்னால், கதை முடிவில் கல்லூரிப் பெயரும் அம்மாவுக்குச் சமர்ப்பணமும் போடாதீர்கள். முதல்வர் கையொப்பம் கேட்கும் விண்ணப்பத்தைக் கடைசி நாள் மாலை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள், முதல்வர் அன்றைக்கென்று மீட்டிங்கில் இருப்பார். 'வெளிவராத படைப்பு' என்றால் ஃபேஸ்புக், பிரதிலிபி, இன்ஸ்டாகிராம் எதிலும் வராதது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முடிவு வரும்வரை வேறு போட்டிக்கும் அனுப்ப வேண்டாம்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது காசு வாங்கும் 'போட்டி'களைப் பார்த்துத்தான். வாட்ஸ்அப்பில் வரும் அறிவிப்பு: கவிதை அனுப்புங்கள், தொகுப்பு நூலில் இணை ஆசிரியர் ஆகலாம், உலக சாதனைச் சான்றிதழ், 'கவி'யில் தொடங்கும் ஏதோ ஒரு பட்டம், கட்டணம் இவ்வளவு. அனுப்பிய எல்லோருக்கும் பரிசு என்றால் அது போட்டி இல்லை, நூறு பேரிடம் முன்பணம் வாங்கி அவர்களுக்கே புத்தகம் விற்கும் வியாபாரம். ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணுக்கு என்று தனியாகக் காசு கேட்டால் இன்னும் உஷாராக வேண்டும். இந்தியாவில் அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே தருகிறது. நுழைவுக் கட்டணம் வாங்கும் எல்லாமே மோசடி என்று சொல்லவில்லை; சிறிய அமைப்புகள் செலவுக்கு வாங்குவதுண்டு. நடுவர் யார், பரிசு எத்தனை பேருக்கு, போன வருடம் யார் வென்றார் என்ற மூன்றையும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள்.

விதிகளின் அடியில் 'படைப்பின் உரிமை போட்டி நடத்துபவருக்கே' என்று ஒரு வரி இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. பரிசு பெற்ற கதையை ஒருமுறை வெளியிடும் உரிமை கேட்பது நியாயம். பரிசே பெறாத கதைகளின் முழு உரிமையையும் கேட்பது நியாயமில்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றித் தருவது எழுத்து வடிவில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். உரிமையைக் கொடுத்த பிறகும் எழுதியவர் நீங்கள்தான் என்று கோரும் உரிமை உங்களிடமே இருக்கும். ஆகவே படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள், தெளிவில்லை என்றால் பரிசு பெறாத படைப்பை எழுதியவர் வேறெங்கும் வெளியிடலாமா என்று மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.